கராஜில் வைத்த பாஸ்தா

இன்று காலை காளான் வதங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன, கறி எடுத்தியா?" என்று கேட்டார். வருஷக்கணக்காக ஏமாறுகிற மனிதர், இன்றும் ஏமாந்தார். காளான்தான் என்றதும் முகம் சுருங்கி ஹாலுக்குத் திரும்பிவிட்டார். பொடியாக அரிந்த காளான் தன் தண்ணீரையெல்லாம் விட்டு, அந்தத் தண்ணீரும் வற்றி, சட்டியின் அடியைப் பிடிக்கிற சமயத்தில் ஒரு வாசனை வருமே. அது கறி வாசனை இல்லை, ஆனால் கறிக்குப் பங்காளி. அந்த வாசனை வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். நீ வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

செத்துப்போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லக் கூடாது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இதை உன்னிடமே சொல்கிறேன், அதனால் பாவமில்லை.

உன் மகள் தாரா இன்று வருகிறாள். காலேஜில் சேர்ந்து ஆஸ்டினுக்குக் குடிபோகப் போகிறாளாம், அங்கே அபார்ட்மெண்டில் அடுப்பு இருக்கிறதாம். போன வாரம் போன் பண்ணி, "ஆன்ட்டி, அம்மாவோட பாஸ்தா சாஸ் எனக்குக் கத்துத் தருவீங்களா? உங்களுக்கும் தெரியும்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். எனக்கும் தெரியுமாம். கேட்டதும் சிரிப்புதான் வந்தது, அதைச் சிரிப்பு என்று சொல்லலாமென்றால். சின்னப் பிள்ளையிடம் என்ன சொல்வது, வா என்று மட்டும் சொன்னேன். அவள் வருவதற்குள் ஒரு சட்டி செய்து பார்த்துவிடலாம் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். கொஞ்ச நாளாகச் செய்யவில்லை, கை மறந்திருக்குமோ என்று பயம். கை மறக்கவில்லை.

டெக்சாஸில், இர்விங்கில் இதே அபார்ட்மெண்டில் நாம் இரண்டு பேரும் இருந்த காலத்தை நினைத்துப் பார். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் வந்து விழுகிற இடம். புருஷன்மார் லாஸ் கோலினாஸ் ஆபீஸ்களுக்குக் கிளம்பிப் போனபின், வேலை பார்க்க விசா இல்லாத பெண்கள் துணி துவைக்கிற ரூமில் கூடுவோம். ஒருநாள் நீ மெஷின் மேல் சாய்ந்துகொண்டு போனில், "இந்தா வாறேன்னு சொல்லிட்டுப் போனவ, இன்னும் வரலல்லா" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய். அந்த 'வாறேன்' என்னை அப்படியே பிடித்து இழுத்தது. திருநெல்வேலியா என்று கேட்டேன். டவுன் என்றாய். நான் மேலப்பாளையம் என்றேன். உன் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை, மறந்தால் நல்லது.

ஊரில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆறுதான். ஆனால் அங்கேயே இருந்திருந்தால் நாம் ஒருநாளும் பழகியிருக்க மாட்டோம். உன்னுடையது பூண்டைக்கூட யோசித்துப் போடுகிற சுத்த சைவக் குடும்பம். என்னுடையது வெள்ளிக்கிழமை கறி இல்லையென்றால் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் விசாரிக்கிற குடும்பம். டெக்சாஸில் நமக்கு ஒரே மாடிப்படி. ஒரு வாரத்துக்குள் 'ங்க' போய் 'ட்டி' வந்துவிட்டது.

சாஸ் வந்தது பிள்ளைகளால். தாராவும் என் மகன் ஃபைசலும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஸ்பாகெட்டி போடுகிற நாளில் மற்ற பிள்ளைகளெல்லாம் வாயைச் சுற்றிச் சிவப்பாக்கிக்கொண்டு சாப்பிட, நம் இரண்டும் ஓரமாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கும். தாரா கறியே சாப்பிடக் கூடாது. ஃபைசல் ஹலால் இல்லாத கறியைச் சாப்பிடக் கூடாது. ஒருநாள் இரண்டும் சேர்ந்து வந்து நின்று, எங்களுக்கு அந்தச் சிவப்பு சாஸ் வேண்டும் என்று அழுதன. நீ உடனே, "நாமளே செஞ்சிருவோம்ட்டி, என்ன பெரிய கம்ப சூத்திரமா?" என்றாய்.

கம்ப சூத்திரம்தான். இத்தாலிக்காரர்களின் பழைய பொலோனீஸ் சாஸ், அதில் கறி, ஒயின், மேலே தூவ பர்மேசான் சீஸ். கறி வேண்டாம் என்று நீ நீக்கினாய். ஒயினை நான் நீக்கினேன். சீஸ் பால்தானே, அது இருக்கட்டும் என்றேன். நீ கடையில் அந்த டப்பாவைத் திருப்பி வைத்து, கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தைப் படித்தாய். கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற எதையோ விட்டுத்தான் பாலைத் திரிய வைக்கிறார்கள் என்று விளக்கினாய். அது உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. திரும்ப வைத்துவிட்டோம். "இனி என்னட்டி மிச்சம் இருக்கு, தக்காளிதான்" என்று தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பொடி எழுத்தைப் படிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் வருகிறேன்.

முதலில் மீல்மேக்கரைப் போட்டோம், சாக்கை ஊறவைத்த மாதிரி இருந்தது. பிறகு பயறு போட்டோம், பிள்ளைகள் "இது சாம்பார்" என்று தட்டைத் தள்ளிவிட்டன. கடைசியில் காளானுக்கு வந்தோம். காளானையும் வால்நட்டையும் பொடியாக அரிந்து, கேரட், செலரி, வெங்காயம் எல்லாவற்றையும் அதே அளவுக்கு நறுக்கி. காளானில் உப்பை முதலிலேயே போட்டுவிடாதே, கரண்டியை வைத்துக் குடைந்துகொண்டே இராதே என்று கண்டுபிடித்தது நீ. தக்காளி விழுதை எண்ணெய் பிரிகிற வரைக்கும் வதக்க வேண்டும் என்றது நான். அப்படியும் ஏதோ குறைந்தது. நான் சோம்பை இடித்துப் போடலாம் என்றேன். நீ பின்வாங்கினாய்.

"சோம்பு போட்டா கவுச்சி வாசம் வருமே."

"அதுக்குத்தான் போடச் சொல்லுதேன்."

"எங்க அத்தை பாத்தா செத்தேன்."

"உங்க அத்தை திருநவேலில இருக்காங்க. அங்க வரைக்குமா மணக்கும்?"

போட்டோம். இறக்குகிற சமயத்தில் கொஞ்சம் பால் விட்டோம். அன்றைக்குப் பிள்ளைகள் தட்டை வழித்த சத்தம் கேட்டு நீ சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாய். அதற்குப் பிறகு ஸ்பாகெட்டி நாளில் இரண்டு பிள்ளைகளும் வாயைச் சிவப்பாக்கிக்கொண்டுதான் வந்தன.

எல்லாம் என் வீட்டு அடுப்பில்தான். உன் வீட்டில் அந்த வாசனை வந்தால் உன் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் என் சட்டிகளில் கறி சமைத்திருக்கிறதே. அதனால் நீ உன் சட்டி ஒன்று, கத்தி ஒன்று, பலகை ஒன்று கொண்டுவந்து என் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாய். கேட்பதற்கு நீ கூச்சப்பட்டாய், எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. எனக்கும் விலக்கு உண்டு, உனக்கும் விலக்கு உண்டு, இதில் என்ன இருக்கிறது? ஒருநாள் எங்கள் வீட்டுக்காரர் தெரியாமல் அந்தச் சட்டியில் கொத்துக்கறிக் கீமாவைச் சூடு பண்ணிவிட்டார். அன்றைக்கே அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, புதுசு ஒன்று வாங்கி வைத்து, உன்னிடமும் சொன்னேன். நீ சிரித்தாய்.

"சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்லா" என்றேன்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அது. உன்னிடமிருந்தும் அதுபோல் ஒன்றை எதிர்பார்த்தேன் என்பதுதான் என் தப்பு என்றால், தப்பாகவே இருக்கட்டும்.

பிறகு நீங்கள் வடக்கே தள்ளி, பெரிய வீடு வாங்கினீர்கள். கிருகப்பிரவேசத்துக்கு உன் வீட்டுக்காரரின் அம்மா, உன் அத்தை, ஊரிலிருந்து வந்தார், வந்தவர் உங்களோடேயே தங்கிவிட்டார். பிள்ளைகளுக்காக நம் பாஸ்தா இரண்டு ட்ரே வேண்டும் என்று நீதான் கேட்டாய். முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து உன் கையால் காளானை அரிந்தாய், உன் சட்டியில் நீதான் கிளறினாய். நான் பாஸ்தாவை வேகவைத்துக் கலந்தேன், அவ்வளவுதான். மறுநாள் அந்த ட்ரேக்களைப் பின் சீட்டில் வைத்து, சரிந்துவிடாமல் துண்டை அண்டைகொடுத்து, ஃப்ரீவேயில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

உன் புது வீட்டு வாசலில் யாரோ ஒரு அம்மா ஃபாயிலைத் தூக்கிப் பார்த்து, "இது கீமா மாதிரில்லா இருக்கு" என்றார். உன் அத்தை திரும்பிப் பார்த்தார். என் தலையில் இருந்த முக்காட்டைப் பார்த்தார், ட்ரேயைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, இது என்ன என்று கேட்கிற பார்வை, அவ்வளவுதான். நான் வாய் திறக்கவில்லை. உன் வீடு, உன் அத்தை, நீ சொல்வதுதான் முறை. 'காளான் அத்தை, நான்தான் அரிஞ்சேன், இவ என் கூட்டுக்காரி பாத்திமா.' இவ்வளவுதான் தேவைப்பட்டது. வாயில் என்ன, கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ட்ரேயைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், "அதக் கராஜ்ல வச்சிரு, பொறவு பாத்துக்கிடலாம்" என்றாய். யாரோ வீட்டு வேலைக்கு வந்தவளிடம் சொல்கிற குரலில் சொன்னாய்.

கராஜில் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கும் புல் வெட்டுகிற மெஷினுக்கும் நடுவில் ஒரு மடக்கு மேசை இருந்தது. அதன்மேல் வைத்தேன். யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. உள்ளே சாப்பாட்டு மேசையில், ரெஸ்டாரண்டிலிருந்து வரவழைத்த பாஸ்தா இருந்தது. அதன்மேல் வெள்ளையாகச் சீஸைத் தூவி வைத்திருந்தார்கள். தூரத்திலேயே தெரிந்தது, நீ பொடி எழுத்தைப் படித்துத் திரும்ப வைத்த அதே சீஸ் என்று. உன் அத்தை தன் கையால் பேத்திக்கு அள்ளிப் போட்டுவிட்டு, தானும் ஒரு வாய் சாப்பிட்டு, நல்லாருக்கே என்றார். நீ என்னைப் பார்த்தாய், அன்றைக்கு முதல்முறையாக. சொல்லிவிடாதே என்று உன் கண் கெஞ்சியது. அந்தக் கூட்டத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அந்த வீட்டில் இருந்த ஒரே சுத்த சைவப் பாஸ்தா கராஜில் இருந்தது என்று. எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு வயதான அம்மாவின் வாயில் போன பருக்கையை விஷமாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

ட்ரேக்களைத் திரும்பக் காரில் ஏற்றியபோது பின்னாலேயே ஓடி வந்தாய். "கோவிச்சுக்காதட்டி. அத்தை இருக்கற வரைக்கும்தான்" என்றாய். அத்தை நன்றாக இருக்கிறார். போனது நீ.

அதற்குப் பிறகு போன் குறைந்தது. தூரம் என்றாய், தாராவுக்கு டான்ஸ் கிளாஸ் என்றாய். உன் சட்டி என் மேல்தட்டில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. நானும் கூப்பிடவில்லை, எனக்கும் முதுகெலும்பு இருக்கிறது. பிறகு ஒருநாள் மத்தியானம் நீயே கூப்பிட்டு, கேன்சர் என்றாய், ஏதோ கடையில் சாமான் வாங்கி வரச் சொல்கிற குரலில். மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து எதுவும் ருசிக்கவில்லை, எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்றாய். "ஏ பாத்திமா, அந்த சாஸ் கொஞ்சம் செஞ்சு தாயேன்ட்டி."

செய்தேன். செய்யாமல் எப்படி இருக்க முடியும்? உன் சட்டியைத் தேய்த்துக் கழுவி அதில்தான் செய்தேன். உன் வீட்டு வாசலில் வந்து நின்று மெசேஜ் அனுப்பினேன். கதவைத் திறந்து உள்ளே வா என்பாய் என்று நினைத்தேன். தலையில் கம்பளித் தொப்பியோடு நீ வெளியே வந்து, காரில் ஏறி, "பார்க் பக்கம் ஓட்டுட்டி" என்றாய். பார்க்கில் மரத்தடியில் காரை நிறுத்தினேன். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். "இதுல மட்டும்தான் ருசி தெரியுது" என்றாய். சாப்பிட்டு முடித்து, துணியில் வாசனை ஒட்டிவிடும் என்று ஜன்னலை இறக்கிவிட்டாய். டப்பாவைக் கழுவாமல் என்னிடமே கொடுத்தாய்.

அதன் பிறகு எத்தனையோ தடவை அப்படி வந்தேன். ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அது பெரிய வார்த்தை. அன்றைக்கு நான் சொல்லியிருக்கணும்ட்டி என்று ஒரு வரி. நீ பிள்ளைகளைப் பற்றிப் பேசினாய், டாக்டரைப் பற்றிப் பேசினாய், ஊரில் ஆனித் தேரோட்டத்தைப் பற்றிப் பேசினாய். ஒருநாள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கூடப் போனாய். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவளிடம் கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே போய்விட்டாய்.

ஃப்யூனரல் ஹோமில் வரிசையில் நின்று உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். என் கையையும் பிடித்தார். "நீ யாரும்மா?" என்று கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை, அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உன் வீட்டில் உன் அத்தை முன்னால் என் பெயர் ஒரு தடவைகூடப் புழங்கவில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். "இர்விங்ல பக்கத்து வீட்ல இருந்தோம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இதைப் பாதி எழுதியிருந்தபோது தாரா வந்தாள். நல்ல உயரம், உன் நடை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு காளானை அரிய உட்கார்ந்தாள். நான் தமிழில் சொல்ல, அவள் இங்கிலீஷில் கேள்வி கேட்க, இரண்டாவது சட்டி அடுப்பில் ஏறியது. எப்போது உப்பு, எப்போது பால் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, பயப்படாதே. உன் அம்மாவுக்குத்தான் இதில் கைப்பக்குவம் என்றுகூடச் சொன்னேன், அது உண்மையும்தான்.

நடுவில் அவள் போன் அடித்தது. கை முழுக்கக் காளான், அதனால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். உன் அத்தை.

"எங்கட்டி இருக்க? காலைலயே கெளம்பிட்டியாமே."

"இர்விங்ல ஆச்சி. பாத்திமா ஆன்ட்டி வீட்ல."

"எந்த பாத்திமா?"

"அம்மாவோட ஃப்ரெண்ட் ஆச்சி, பெஸ்ட் ஃப்ரெண்ட். அம்மாவும் ஆன்ட்டியும் சேந்து மஷ்ரூம் பாஸ்தா பண்ணுவாங்கல்லா, அதான் கத்துக்கறேன். எப்பவும் இந்த கிச்சன்லதான் பண்ணுவாங்க."

என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. போனில் பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"காளானா?" என்றார் உன் அத்தை. "அப்ப எனக்கும் ஒரு டப்பால கொண்டா. காரம் கொஞ்சம் கூடப் போடச் சொல்லு."

"ஓகே ஆச்சி" என்று சொல்லிவிட்டு தாரா அடுத்த காளானை எடுத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. வீடு இடிந்து விழவில்லை. இத்தனை வருஷமாக உனக்காக நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளால் முடியவில்லை, பாவம், மாமியார், புது வீடு, கூடி நிற்கிற சனம், வாயைத் திறந்திருந்தால் என்னென்ன ஆகியிருக்குமோ என்று. என் கோபத்தை அந்தச் சமாதானத்தைப் போட்டுத்தான் மூடி வைத்திருந்தேன். இன்று அது போய்விட்டது. உன் அத்தையை வயசு மாற்றியிருக்கலாம், நீ போனது மாற்றியிருக்கலாம். இல்லை, அன்றைக்கே சொல்லியிருந்தாலும் சரி என்று தலையாட்டியிருப்பாரோ என்னவோ. அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள நீ விடவில்லை.

உன் அத்தைக்கு ஒரு டப்பாவில் தனியாக எடுத்து, மிளகாய்த்தூள் கூட்டிப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். தாரா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதி இதை முடிக்க ஆசைதான், பொய் எழுத வரவில்லை. அன்றைக்கு உன் அத்தையிடம் நீ சொல்லாமல் விட்ட வரியை ஏதோ தூக்க முடியாத பாறை என்று நினைத்து, உன் சார்பில் நான் இவ்வளவு நாளும் சுமந்திருக்கிறேன். உன் மகள் அதைக் காளான் அரிந்துகொண்டே சொல்லிவிட்டாள். அவ்வளவு லேசான வரிட்டி அது.